பொம்மைக்கு ஒரு பாவாடை

பழைய காட்டன் புடவை ஒன்று பரணில் கிடந்தது. 'எதுக்கு வீணாக்கணும்?' என்று மகளின் பார்பி பொம்மைக்கு அதில் பாவாடை, சட்டை தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. முடிவு? பாவாடை மடிப்பு விழாமல் கூடாரம் மாதிரி விறைத்து நின்றது. புடவையில் அழகாகத் தெரிந்த பூ, பொம்மையின் நெஞ்சையே அடைத்துக்கொண்டது. மகள் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னாள். "ஐயோ, குண்டாயிட்டாப்பா!"

என் தையல் மட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கணக்கும் கொஞ்சம் உதைக்கிறது. பார்பியின் உயரம் 11.5 அங்குலம். ஏறத்தாழ நம்மில் ஆறில் ஒரு பங்கு. பொம்மையைச் சுருக்கலாம், துணியின் நூலைச் சுருக்க முடியுமா? நமக்கு மெல்லிசான புடவை அவளுக்கு ஆறு மடங்கு கனம். நாம் சாக்குப் பையைச் சுற்றிக்கொண்டால் எப்படி இருப்போம்? அதே கதைதான்!

பெரிய பெரிய தையல் கலைஞர்களும் குட்டி உடைகளோடு மல்லுக்கட்டியவர்கள்தான். 1944 ஆகஸ்டில் பாரீஸ் நாஜிக்களின் பிடியிலிருந்து விடுபட்டது. ஊரில் துணிக்குப் பஞ்சம், நிலக்கரிக்குப் பஞ்சம். 'ஃபேஷன் தலைநகரம்' என்ற பெயரும் பறிபோய்விடுமோ என்ற கவலை வேறு. மனிதர்களுக்கு உடுத்திக் காட்டத் துணி போதாது. சரி, பொம்மைகளுக்கு உடுத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். 1945 மார்ச்சில், 200-க்கும் மேற்பட்ட கம்பி பொம்மைகளுடன் 'தியேத்ர் த லா மோத்' கண்காட்சி திறந்தது. நிஜமாகவே போட்டுக் கழற்றக்கூடிய குட்டிப் பட்டன்கள், குட்டிக் கைப்பைகள்... பாரீஸ் அசந்துபோனது.

அவர்கள் ஜெயித்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தப் பொம்மைகளின் உயரம் சுமார் 70 சென்டிமீட்டர். பார்பியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். துணி வளைந்து விழ அங்கே இடமிருந்தது.

1959-ல் வந்த பார்பிக்கு அந்த வசதி இல்லை. அவளுடைய உடைகளை வடிவமைத்த சார்லட் ஜான்சன், ஜப்பானுக்கே போய்த் தங்கி, மெல்லிய துணி, பொடிப்பொடியான பிரிண்ட் என்று தேடினார். அப்படியும் இடுப்புப் பட்டியில் துணி மடிந்து மடிந்து தடிக்கத்தான் செய்யும். அதனால் என்ன? உடம்பு ஒல்லியாக இருந்துவிட்டால் போயிற்று! 'லில்லி' என்ற ஜெர்மன் பொம்மையைப் பார்த்து உருவானவள் பார்பி. அந்தக் குச்சி இடுப்பு அங்கிருந்தே வந்ததுதான். ஆனால், அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று இந்தத் துணிக் கணக்கு.

துணிக்குத் தோதாக இளைத்த அந்த இடுப்பை, தலைமுறை தலைமுறையாகச் சிறுமிகள் 'அழகு' என்று பார்த்து வளர்ந்தார்கள். தங்கள் இடுப்பைக் குனிந்து பார்த்து வருத்தப்பட்டார்கள். பருமனான பார்பியை மேட்டல் நிறுவனம் கடைக்கு அனுப்பியது 2016-ல்தான். 57 வருடம்!

மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். "அவ குண்டாகலைம்மா. துணிதான் குண்டு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பாவாடையைக் கழற்றிப் பொம்மைக்குப் போர்வையாகப் போர்த்திவிட்டாள். அது மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது!