ஸ்பானிய வினையின் எதிர்காலம்: வாக்குறுதியும் ஊகமும்

ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்பவர்களை அதன் வினைச்சொற்கள் மிரட்டும். அவற்றுள் எளிய எதிர்காலம் இலகுவானது. நிகழ்காலத்தில் வினையின் ஈற்றை நீக்கிவிட்டு விகுதி சேர்க்க வேண்டும். எதிர்காலத்தில் அகராதியில் உள்ள முழுச்சொல்லுடனேயே விகுதி சேரும். ஆர், ஏர், ஈர் என முடியும் மூவகை வினைகளுக்கும் விகுதிகள் ஒன்றே.

'எஸ்பெரார்' என்றால் காத்திருத்தல். நம்பியிருத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு.

நான் காத்திருப்பேன்: எஸ்பெராரே
நீ காத்திருப்பாய்: எஸ்பெராராஸ்
அவன், அவள்: எஸ்பெராரா
நாங்கள்: எஸ்பெராரேமோஸ்
நீங்கள் (ஸ்பெயினில்): எஸ்பெராரேயிஸ்
அவர்கள்: எஸ்பெராரான்

லத்தீன் அமெரிக்காவில் 'நீங்கள்' என்பதற்கும் கடைசி வடிவமே வழங்கும். அழுத்தம் எப்போதும் விகுதியில் விழும்.

இவ்விகுதிகள் 'உடைத்தாயிருத்தல்' என்ற பொருள்தரும் பழைய லத்தீன் துணைவினையிலிருந்து வந்தவை. 'செய்யக் கிடக்கு' என்று நாங்கள் பேசுவதுபோல, 'செய்ய உண்டு' என்ற தொடரே சுருங்கி எதிர்காலமாயிற்று.

சுமார் 12 வினைகளில் அடிச்சொல் மாறும். தெனேர் (உடைத்தாயிருத்தல்) தெந்த்ரே ஆகும். வெனீர் (வருதல்) வெந்த்ரே. பொதேர் (இயலுதல்) பொத்ரே. அசேர் (செய்தல்) அரே. தெசீர் (சொல்லுதல்) திரே. விகுதிகள் மாறுவதில்லை.

அன்றாடப் பேச்சில் 'வொய் அ எஸ்பெரார்' என்பதே அதிகம் கேட்கும். 'காத்திருக்கப் போகிறேன்' என்ற எங்கள் வழக்கைப் போன்றது அது. எளிய எதிர்காலம் எழுத்திலும் வாக்குறுதியிலும் நிற்கிறது. இன்னோரிடம், ஊகம். கதவு தட்டப்பட்டால் 'செரா மரியா' என்பார்கள்: மரியாவாக இருக்கும். நிகழ்வது இப்போது, வடிவம் எதிர்காலம். தமிழிலும் 'இந்நேரம் வீட்டில் இருப்பான்' என்கிறோம்.

'தோந்தே எஸ்தாரான்' என்றால் 'எங்கே இருப்பார்களோ' என்று பொருள். விடையை எதிர்பாராமல் தனக்குள் கேட்பது அது. 1973 முதல் 1990 வரை சிலியில் நீடித்த இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், படங்களை நெஞ்சில் குத்திக்கொண்டு எழுப்பிய கேள்வியோ 'தோந்தே எஸ்தான்': எங்கே இருக்கிறார்கள்? அது நிகழ்காலம்; அரசிடம் பதில் கோருவது. இரண்டையும் பிரிப்பது ஓர் அசைதான். அந்த வேறுபாட்டை எங்கள் தாய்மாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.