சிடி20: பி செல்லின் மேற்பரப்புப் புரதம்

வெள்ளணு வகைகளுள் ஒன்றான மனித பி செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம் சிடி20. இதில் 297 அமினோ அமிலங்கள் உள்ளன. சவ்வை நான்கு முறை குறுக்கே கடந்து, இரு முனைகளையும் செல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே தலைகாட்டுபவை ஒரு சிறிய வளைவும் ஒரு பெரிய வளைவும் மட்டுமே. இப்புரதத்தின் மரபணுவை வேறு செல்களில் புகுத்தி, ஆய்வகத் தேவைக்காக உற்பத்தி செய்து பிரித்தெடுப்பதே மறுசேர்க்கை சிடி20. இதன் வரலாறு சற்றே தலைகீழானது: இதைக் குறிவைத்த மருந்து சந்தைக்கு வந்து 23 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் புரதத்தின் உருவம் தெளிவானது.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் மோனோகுளோனல் எதிர்ப்பான் தயாரிக்கும் முறையை வெளியிட்டார்கள். அதன் பின் வெள்ளணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் அடையாளங்களைத் தேடுவதில் ஆய்வகங்கள் போட்டி போட்டன. பாஸ்டனில் ஸ்டாஷென்கோ, நாட்லர், ஷ்லாஸ்மன் முதலானோர் 1980இல் பி செல்லில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பான் ஒன்றை அறிவித்து, அது பற்றிக்கொண்ட பொருளுக்கு ‘பி1’ என்று பெயரிட்டார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்த குழப்பத்தைத் தீர்க்க 1982இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பட்டறை ‘சிடி’ எண் முறையைத் தொடங்கியது. அந்த வரிசையில் பி1 பின்னர் சிடி20 ஆயிற்று. 1988இல் மூன்று குழுக்கள் தனித்தனியே இதன் மரபணுவை நகலெடுத்தன.

இரத்தத்தின் மூலச் செல்களில் சிடி20 இல்லை. எதிர்ப்பான்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களிலும் பெரும்பாலும் இல்லை. சிகிச்சைக்கு இதைவிட வசதியான குறி கிடைப்பது அரிது. பி செல்களை அடியோடு அழித்தாலும் மூலச் செல்களிலிருந்து அவை மீண்டும் முளைத்துவிடும். இந்த நம்பிக்கையில் சான் டியாகோவின் ஐடெக் நிறுவனம் உருவாக்கிய ரிட்டுக்சிமாப் 1997இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அங்கே புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்ற முதல் மோனோகுளோனல் எதிர்ப்பான் அதுவே. இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ் 2007இல் அதன் ஒத்த மருந்தை வெளியிட்டது.

மருந்தைவிடப் புரதத்தைத் தயாரிப்பதுதான் பெரும்பாடு. எதிர்ப்பான் நீரில் கரையும். சிடி20 கொழுப்புச் சவ்வில் வாழ்வது. சவ்விலிருந்து பிரித்தால் திரண்டு படிந்துவிடும். எனவே டிடர்ஜென்ட் கொண்டு மெல்லக் கரைத்தெடுத்து, கடைசிவரை அதே திரவத்திலேயே வைத்திருக்க வேண்டும். இது தெரியாமல் வெறும் பஃபரை ஊற்றி நீர்க்கச் செய்தால் விலையுயர்ந்த புரதம் குழாயின் அடியில் வண்டலாகிவிடும். பெரிய வளைவை மட்டும் தனியே தயாரிப்பது எளிது. ஆனால் 167, 183ஆம் இடங்களிலுள்ள இரு சிஸ்டீன்களுக்கு இடையே கந்தகப் பிணைப்பு அமையாவிட்டால் ரிட்டுக்சிமாப் சரிவர ஒட்டாது. சிடி20ஐக் குறிவைக்கும் மற்றோர் எதிர்ப்பான் மருந்தான ஓஃபாட்டுமுமாப் சிறிய வளைவையும் தொடுவதால் அதற்குப் பெரிய வளைவு மட்டும் போதவே போதாது. ஆகவே முழுப் புரதத்தையும் மனிதச் செல் வரிசையான எச்.இ.கே. 293இல் வளர்த்தெடுப்பது வழக்கமாயிற்று. டிடர்ஜென்டுக்குப் பதிலாக வட்ட வடிவக் கொழுப்புத் துண்டில், அதாவது நானோடிஸ்கில், பொதித்துத் தரும் முறையும் வந்துவிட்டது.

2020இல் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே உருவம் வெளிப்பட்டது. சிடி20 இரட்டையாக இணைந்திருக்கிறது. ஒவ்வோர் இணையிலும் ரிட்டுக்சிமாப்பின் இரண்டு கைகள், வெவ்வேறு மூலக்கூறுகளிலிருந்து, அருகருகே வந்து பற்றுகின்றன. இப்படி அடுத்தடுத்த இணைகள் சங்கிலியாகக் கோக்கப்படுவதால்தான் செல்லை அழிக்கவல்ல, இரத்தத்தின் காம்ப்ளிமென்ட் புரதங்கள் அங்கே குவிகின்றன என்பது ஏற்கத்தக்க விளக்கம். சிடி20 கால்சியம் செல்லும் வாய்க்காலாக இருக்கலாம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அப்படியொரு துளை உருவத்தில் தென்படவில்லை. சிடி20 இல்லாமலே பிறந்த ஒரு நோயாளியைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு, சிலவகை எதிர்ப்பான் உற்பத்தி அவரிடம் குன்றியிருந்ததைக் காட்டியது. அதற்கப்பால் இப்புரதத்தின் இயல்பான வேலை இன்னும் துலங்கவில்லை.

ஆய்வகத்தில் மறுசேர்க்கை சிடி20இன் வேலை அவ்வளவு மர்மமானதல்ல. எலைசா என்ற சோதனைக்கான தட்டின் குழிகளில் படியவைத்து, புதிய எதிர்ப்பான் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒட்டினால், சோதனையில் சேர்க்கும் நிறப்பொருளால் நீலம் தோன்றி, அமிலம் விட்டதும் மஞ்சளாகிறது. ஒத்த மருந்தொன்று மூல மருந்தைப் போலவே பற்றுகிறதா என்று ஒப்பிடவும் இதுவே அளவுகோல். குப்பியின் மேல், ஆராய்ச்சிக்கு மட்டுமே, மனிதருக்குச் செலுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.