நூறடிச் சங்கிலி

பயணக் கதை என்றால் கடலும் புயலும் காட்டு மிருகமும் தேடுகிறோம். நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் பயணத்தில் கதாநாயகனே ஒரு எஃகுச் சங்கிலிதான். இந்தியாவின் நம்பகமான வரைபடம் அதிலிருந்துதான் பிறந்தது.

அந்தச் சங்கிலியின் பூர்வீகம் லண்டன். 1793-இல் பிரிட்டனின் மெக்கார்ட்னி தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோன பொருள்களில் அதுவும் ஒன்று. அங்கே சீந்துவாரில்லாமல் கல்கத்தாவுக்கு வந்து, லாம்டன் கைக்குச் சேர்ந்தது. நூறடி நீளம், இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் வேலை தொடங்கியது. ஏழரை மைல் அளக்க 57 நாள்!

நம்மூர் சர்வேயர் காட்டுக்குள் செயினை இழுத்துப் போகிற மாதிரி இல்லை அது. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்துவார்கள். பக்கத்திலேயே வெப்பமானி. வெயில் ஏறினால் எஃகு நீளும். எவ்வளவு நீண்டிருக்கும் என்று பிற்பாடு கணக்கில் சேர்க்க வேண்டுமே.

இப்படி ஒரு கோட்டை மட்டும் சுத்தமாக அளந்துவிட்டால் போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்றொன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணம் கிடைக்கும். அதன்மேல் அடுத்த முக்கோணம். ஆனால் பிழையும் கூடவே வளரும். அதனால் நடுநடுவே இன்னொரு கோட்டைத் தரையில் அளந்து ஒத்துப் பார்த்தாக வேண்டும். 1804-இல் பெங்களூரில் பார்த்தபோது, கணக்குக்கும் தரைக்கும் நான்கு அங்குல வித்தியாசம்கூட இல்லை.

அடுத்த சோதனை, 1806-இல், நம் கொங்குச் சீமையில். பச்சாபாளையம் அளவை நிலையத்துக்கு லாம்டன் குழு குறித்த அட்சரேகை 10 பாகை 59 கலை 42 விகலை. பல்லடமும் காங்கேயமும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் இருக்கின்றன. மழை பொய்க்கிற பூமி என்று நாம் சலித்துக்கொள்ளும் மேட்டாங்காடும் மேய்ச்சல் கொறங்காடும் அளவைக்காரனுக்கு வரம்: கண்ணுக்கெட்டியவரை மறைப்பில்லை, பார்வை வைக்க அங்கங்கே கரடுகள்.

தஞ்சாவூரில் அந்த வசதி கிடைக்கவில்லை. சமவெளி, எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை. 1808-இல், உயரத்திலிருந்து பார்ப்பதற்காக, அரை டன் கோணமானியைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதைத் தட்டி நிமிர்த்தி ஓடவைக்க லாம்டனுக்கு ஆறு வாரம் பிடித்தது.