பூநகரிக் கள்ளு போகும் வழி

சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரிக்குள் இறங்கினால் இரண்டு பக்கமும் மணல்தரை, அதற்கு மேலே பனை. ஒரு பனை பாளை விடப் பன்னிரண்டு வருடமும் ஆகும், இருபது வருடமும் ஆகும். அதுவரை அது ஆண்பனையா பெண்பனையா என்று எவராலும் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் வன்னியின் பனைகள் கணக்கில்லாமல் தறிக்கப்பட்டன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் அந்தக் குற்றிகளே கூரையும் சுவரும் ஆயின. 2009க்குப் பிறகு முளைத்த வடலிகள் இப்போதுதான் பாளை விடும் வயதை எட்டுகின்றன. ஆகவே இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிளாவில் வார்க்கப்படும் பனங்கள்ளில் பெரும்பகுதி, ஷெல்லடிக்கும் கோடரிக்கும் தப்பிய மரங்களின் சாறு. குடிப்பவர் இதைத் தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாளைகள் தலைகாட்டத் தொடங்கும். சீவல் தொழிலாளி தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறி, பாளையை இறுக்கிக் கட்டி, நாள்தோறும் தட்டியும் நசித்தும் பதப்படுத்துவார். பதம் வந்ததும் நுனியைச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். பிறகு காலையும் மாலையும் ஏறியே ஆகவேண்டும். ஒருநாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், மேலோட்டமாகச் சீவினால் சாறு வராது. எத்தனை மெல்லிசு என்பதைப் பாளைக்கத்தி பிடித்த கைதான் அறியும். அறுபது எழுபது அடி உயரத்தில், சோளகக் காற்றில் மரம் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கை பிசகக்கூடாது.

சொட்டும்போது அது கள்ளு அல்ல. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சீனி கரைந்த, புளிப்பே இல்லாத தெளிந்த நீர். முட்டியின் உட்சுவரில் முந்திய நாளின் மதுவமும் பற்றீரியாக்களும் ஒட்டியிருக்கும். முதல் துளி விழுந்த நேரம் முதல் அவை வேலையைத் தொடங்கிவிடும். மதுவம் சீனியை மதுசாரமாக்கி, காபனீரொட்சைட்டை நுரையாக வெளியே தள்ளும். இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் புளிப்பைக் கொண்டுவரும். சில வகைப் பற்றீரியாக்கள் சீனியிலிருந்து ஒரு பசையை உண்டாக்கும். நல்ல கள்ளு உதட்டில் சற்றே வழவழப்பாகப் படுவதற்கு அதுவே காரணம். ஒரு நாளைக்குள் மதுசாரம் நாலைந்து வீதத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு அசற்றிக் அமிலம் ஆட்சிக்கு வரும்.

அதனால் கள்ளின் சுவையைச் சொல்ல வேண்டுமானால் நேரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடியற்காலை இறக்கும் கள்ளு இரவுக் குளிரில் மெதுவாகப் பொங்கியது. நாக்கின் நுனியில் முதலில் இனிப்பு, அடுத்து நுரையின் சின்னக் குத்தல், விழுங்கிய பிறகு தொண்டையில் தங்கிநிற்கும் பனங்குருத்தின் பச்சை மணம். பத்து மணியளவில் இனிப்பும் புளிப்பும் சரிசமமாக நிற்கும். அதுதான் அதன் உச்சம் என்று நான் நம்புகிறேன். நண்டுக் கறியும் சுட்ட கருவாடும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் அந்தக் கள்ளுக்கே பொருத்தம். மாலையில் இறக்குவது பகல் வெயிலில் பொங்கியது. இனிப்புக் குறைவு, காரம் கூட, மணத்தில் ஒரு கடுமை. பளைப் பக்கத்துத் தென்னங்கள்ளு இதைவிட மெல்லியது, வாயில் அதிகம் தங்காது. பனங்கள்ளின் கனமும் மணமும் பழகியவர்களுக்கு அது போதாமல் இருக்கும். மழை விழுந்த நாளில் முட்டிக்குள் தண்ணீர் இறங்கிச் சுவை தளர்ந்துவிடும். சீனி கரைத்துப் பெருக்கிய கள்ளில் இனிப்பு முன்னே ஓடிவரும், பின்னால் ஒன்றும் வராது. இவற்றையெல்லாம் தவறணையில் அமர்ந்திருக்கும் கிழவர்கள் ஒரே மிடறில் பிரித்துச் சொல்வார்கள்.

அந்த நாக்கின் கூர்மையை நான் நேரில் கண்டது ஒரு வெளிநாட்டு வைனால். மெல்பேணிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பறோசாப் பள்ளத்தாக்கின் ஷிராஸ் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நல்ல விலையுள்ளது. கிளாசில் கருநாவல் நிறம். நாவற்பழமும் கறுத்த சொக்கலேற்றும் கலந்த மணம், வாய்க்குள் கனம், ஈறுகளை இறுக்கும் துவர்ப்பு. எங்களுக்குக் கள்ளுத் தரும் முதிய தொழிலாளி ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "இதுக்கு மிளகு போட்டவையோ தம்பி?" என்று கேட்டார். மிளகு எவரும் போடவில்லை. ஆனால் மிளகின் மணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலில் இருக்கிறது. அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைக் கண்டறிந்து 2008இல் அறிவித்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே தெரியாது என்றும் அவர்களே சொன்னார்கள். ஆய்வுகூடம் தேடிக் கண்டதை, அந்த வைனை வாழ்நாளில் முதல்முறை குடித்தவர் ஒரே வாயில் கண்டுகொண்டார்.

ஷிராஸும் நெடுந்தூரம் வந்ததுதான். பாரசீக நகரத்தின் பெயரைச் சுமந்தாலும் அதன் தாய்மண் பிரான்சின் றோன் ஆற்றங்கரைப் பக்கம். இரண்டு பிரெஞ்சுத் திராட்சைகளின் பிள்ளை அது என்பதை மரபணுச் சோதனை காட்டிவிட்டது. 1832இல் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவில் சேர்த்த கொடித் துண்டுகளோடு அது சிட்னி போய்ச் சேர்ந்தது. 1840களில் பறோசாவில் நட்ட கொடிகளில் சில இன்றும் காய்க்கின்றன. 1951இல் மக்ஸ் ஷூபேர்ட் என்பவர் ஷிராஸை அமெரிக்க ஓக் பீப்பாய்களில் முதிரவைத்து கிரேஞ்ச் என்ற வைனைத் தொடங்கினார். முதலில் எவருக்கும் பிடிக்கவில்லை. நிறுத்தச் சொல்லி 1957இல் அவர் வேலைசெய்த நிறுவனம் உத்தரவிட்டது, அவர் மறைவாகத் தொடர்ந்து செய்தார். சில வருடம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இன்று அது உலகத்தின் விலையுயர்ந்த வைன்களில் ஒன்று.

கள்ளுக்கு அப்படிக் காத்திருக்க வழியில்லை. அதைத் தூரம் அனுப்ப எடுக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் சுவையில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் பொங்காது, கருப்பநீராகவே இறங்கும். காய்ச்சினால் பனங்கட்டி, அது எந்த ஊருக்கும் போகும், ஆனால் அது வேறு பண்டம். போத்தலில் அப்படியே அடைத்தால் உள்ளே பொங்கி வெடித்துவிடும். ஆகவே சூடாக்கி மதுவத்தைக் கொன்றுதான் அடைக்கிறார்கள். கடல் கடந்து எங்கள் ஆட்களின் கடைகளுக்குப் போவது இந்தப் போத்தல் கள்ளுதான். புளிப்பு இருக்கிறது, மணமும் ஓரளவு இருக்கிறது, ஆனால் உயிருள்ள நுரை இல்லை. இன்னொரு வழி வடிசாலை. வடமராட்சியின் திக்கம் வடிசாலை கள்ளைச் சாராயமாக்கவென்றே அமைந்தது. தென்னிலங்கைத் தென்னஞ்சாராயத்தைச் சாவண்டலை மரத்தொட்டிகளில் முதிரவிடும் வழக்கம் பழையது. சிங்களவர் ஹல்மில்ல என்று சொல்லும் அந்த மரம் வன்னிக் காடுகளில் வளர்வது. பனஞ்சாராயத்தையும் அந்த மரத்தில் வருடக்கணக்கில் கிடக்கவிட்டு, என்ன சுவை வருகிறது என்று பொறுமையோடு பார்க்க வேண்டும்.

குடியால் குலைந்த வீடுகள் வன்னியில் எத்தனையோ உண்டு. கசிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பெண்களின் கோபம் நியாயமானது. அதனாலேயே ஒரு நல்ல கள்ளை அளவோடும் கவனத்தோடும் குடிப்பது எப்படி என்று நாங்கள் பேச வேண்டும் என்கிறேன். அரசு இந்தத் தொழிலை 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரியாகவும் உரிமமாகவுமே பார்த்துவந்தது. பிற்காலத்தில் வந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளிக்கு ஒரு நிரந்தர வாங்குநரைத் தந்தன. பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. ஆனாலும் ஊர் இந்தத் தொழிலாளியைச் சாதியால் கீழே வைத்தது, கள்ளை மட்டும் வாங்கிக் குடித்தது. மரத்தால் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் இன்றும் வீடுகளில் படுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வராததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பறோசாவின் போத்தலில் தோட்டத்தின் பெயர், அறுவடை செய்த ஆண்டு, வைன் செய்தவரின் பெயர் எல்லாம் இருந்தன. எங்கள் கள்ளுப் போத்தலில் ஊர்கூட இருப்பதில்லை. பூநகரி, பங்குனி மாதம், ஆண்பனை, காலை இறக்கியது, சீவியவர் இன்னார் என்று ஏன் அச்சடிக்கக்கூடாது? சங்கத்தின் பதிவேட்டில் இந்த விவரங்களில் பாதியாவது தினமும் எழுதப்படுகிறது. எழுதிவைத்தால் நாளைக்கு ஒருவர் பூநகரிக் கள்ளையும் முள்ளியவளைக் கள்ளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நல்லதற்குக் கூடிய விலை கேட்கலாம், அந்த விலை மரத்தில் ஏறியவரின் கைக்குப் போய்ச்சேர வழியும் கேட்கலாம்.

தவறணையில் மிஞ்சுவதும் வீணாவதில்லை. மூடாமல் வைத்தால் சில கிழமைகளில் வினாகிரியாகும், மீனுக்கும் அச்சாறுக்கும் அதைவிட நல்ல புளிப்பு வேறில்லை. முட்டியின் அடியில் தங்கும் மண்டியை வீட்டுப் பெண்கள் பின்னேரமே வாங்கிப்போய் அரிசிமாவில் கலந்துவிடுவார்கள். மதுவம் இரவு முழுக்க அதற்குள் பொங்கும். காலையில் அப்பத்தின் நடுவில் தெரியும் சிறுசிறு கண்கள் அதன் வேலை. பக்கெற் ஈஸ்ற் போட்டாலும் கண் விழும், ஆனால் கள்ளு விட்டுச் சுட்ட பாலப்பத்தின் இளம்புளிப்பு அதில் வராது.