தம்பிக்கு அக்கா பரிமாறிய சாப்பாடு

1918. அகமதாபாத், சபர்மதி ஆசிரமம். மதியச் சாப்பாட்டு நேரம்.

சாப்பிட வந்திருப்பவர் அம்பாலால் சாராபாய். காலிகோ மில் முதலாளி. அந்த ஊர் மில் முதலாளிகள் தரப்பை முன்னின்று நடத்துபவர். பரிமாறுபவர் அனசூயா. அம்பாலாலின் சொந்த அக்கா.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஊரில் மில்கள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டியவர்களில் முக்கியமானவர் தம்பி. பூட்டப்பட்ட மில்களின் தொழிலாளர்களைத் திரட்டி, 'கேட்டது கிடைக்கும்வரை உள்ளே போகாதீர்கள்' என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பவர் அக்கா. இருவரையும் தினமும் மதியம் ஆசிரமத்துக்கு வரவழைத்து, தம்பிக்கு அக்கா கையால் சோறு போட வைத்தவர் காந்தி.

பி.காம். படித்தபோது இந்த விவகாரம் எனக்கு இரண்டு மார்க் கேள்வியாக அறிமுகமானது. 'தன்னார்வ மத்தியஸ்தம் - உதாரணம் தருக.' அகமதாபாத் என்று எழுதினால் இரண்டு மார்க். சாப்பாட்டு விஷயத்தைப் புத்தகத்தில் போட்டிருந்தால் அன்றைக்கே நன்றாகப் படித்திருப்பேன்.

கதைக்கு வருவோம்.

அனசூயா 1885ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். பதின்மூன்று வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஒத்துவரவில்லை, பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டார். 1912ல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். அதற்கு ஒத்தாசை செய்தது தம்பி அம்பாலால்தான். ஊர் திரும்பியதும் மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பணக்கார வீட்டுப் பெண்ணின் தர்ம காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஒருநாள் காலை, வாசலில் உட்கார்ந்து குழந்தைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பதினைந்து தொழிலாளர்கள் அந்த வழியாகப் போனார்கள். தூக்கத்தில் நடப்பவர்கள்போல. கூப்பிட்டு, என்ன ஆச்சு என்று விசாரித்தார். இரண்டு ராத்திரியும் ஒரு பகலும், மொத்தம் 36 மணி நேரம் ஒரே மூச்சாக வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள்.

அத்தோடு தர்ம காரியம் முடிந்தது. 1917 கடைசியில், மில்களில் பாவு வேலை பார்ப்பவர்கள் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் செய்தபோது முன்னால் நின்றவர் அனசூயா.

அந்த வருஷம் அகமதாபாத்தில் பிளேக். ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். நெசவாளர்களும் ஓடிவிட்டால் தறி யார் ஓட்டுவது? முதலாளிகள் பிளேக் போனஸ் கொடுத்தார்கள். சிலருக்குக் கூலியில் 70, 80 சதவிகிதம் வரை. 1918 ஜனவரியில் பிளேக் அடங்கியது. போனஸை நிறுத்துகிறோம் என்றார்கள். ஆனால் முதல் உலகப் போரால் ஏறிய விலைவாசி பிளேக்கோடு சேர்ந்து இறங்கவில்லையே. நெசவாளர்கள் 50 சதவிகிதம் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 என்றார்கள்.

காந்தி உள்ளே வந்தது இங்கேதான். அம்பாலால் அவருக்கு அந்நியர் இல்லை. 1915ல் ஆசிரமத்தில் ஒரு தீண்டத்தகாத குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதற்காக ஊர்ப் பணக்காரர்கள் நன்கொடையை நிறுத்தியபோது, காரில் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் பேர் சொல்லாமல் போனவர் அவர். இப்போது அவருக்கு எதிராகவே நிற்க வேண்டும்.

மத்தியஸ்தக் குழு போட்டார்கள். முதலாளிகள் தரப்பில் மூன்று பேர், தொழிலாளர் தரப்பில் காந்தி, வல்லபபாய் படேல், சங்கர்லால் பாங்கர். தலைவர், கலெக்டர். பேச்சு தொடங்கும் முன்பே சில மில்களில் தொழிலாளர்கள் அவசரப்பட்டு ஸ்ட்ரைக்கில் இறங்கிவிட்டார்கள். காந்தி மன்னிப்பே கேட்டுப் பார்த்தார். முதலாளிகள் இதுதான் சாக்கு என்று மத்தியஸ்தத்திலிருந்து விலகினார்கள். பிப்ரவரி 22ல் கதவடைப்பு.

காந்தி அடுத்துச் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோஷம் போடவில்லை. கணக்குப் போட்டார். பம்பாயில் என்ன கூலி, விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது, முதலாளியால் எவ்வளவு தாங்க முடியும்? விசாரித்துவிட்டு, 35 சதவிகிதம் நியாயம் என்றார். அதாவது, முதலில் தன் பக்கத்து ஆட்களிடம் போய், 'நீங்கள் கேட்கும் 50 அதிகம்' என்று சொல்லி இறங்க வைத்தார். எந்த யூனியன் தலைவருக்கும் இது சுலபமான காரியம் இல்லை. பிறகு அந்த 35லிருந்து ஒரு பைசா குறைந்தாலும் உள்ளே போவதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

தினமும் சாயங்காலம் ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் கூட்டம். தினம் ஒரு துண்டுப் பிரசுரம். எழுதியது காந்தி, வெளியானது அனசூயா பெயரில். முதலாளியைத் திட்டக் கூடாது, கருங்காலிகளை அடிக்கக் கூடாது, வெளியே கை நீட்டக் கூடாது. வயிற்றுக்கு? ஆசிரமத்தில் நெசவுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்று மணலைக் கூடையில் சுமந்து வரும் வேலை கொடுத்தார்கள். வரிசைக்கு முன்னால் தலையில் கூடையோடு அனசூயா.

முதலாளிகள் தரப்பு வாதம் என்ன தெரியுமா? எங்களுக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு பெற்றோர்-பிள்ளை உறவு, நடுவில் மூன்றாம் மனிதனுக்கு என்ன வேலை? அந்தப் பிள்ளைகள்தான் 36 மணி நேரம் தறியோடு நின்றவர்கள். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த அலுவலகத்திலும் 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று சுற்றறிக்கை வரும். வந்தால் பதினைந்து நாளில் போனஸில் கை வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அனுபவஸ்தர்கள் சுற்றறிக்கையைப் பார்த்ததுமே சீட்டுப் பணத்தை எடுத்துவிடுவார்கள்.

மார்ச் 12ல் கதவைத் திறந்தார்கள். 20 சதவிகிதம் போதும் என்பவர்கள் வரலாம். பசி ஜெயிக்க ஆரம்பித்தது. கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடப்போன ஆசிரமத்துக்காரரிடம் தொழிலாளர்கள் சொன்னார்கள்: அனசூயாவுக்கும் காந்திக்கும் என்ன? காரில் வருகிறார்கள், காரில் போகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள். சாகக் கிடப்பது நாங்கள்தான்.

வேறு தலைவராயிருந்தால் கோபப்பட்டிருப்பார். காந்தி, சொன்னது நியாயம்தான் என்று எடுத்துக்கொண்டார். மார்ச் 15ல், தீர்வு வரும்வரை காரிலும் ஏற மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று அறிவித்தார்.

மூன்றே நாள். 18ஆம் தேதி ஒப்பந்தம். அதன் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் 35 சதவிகிதம், தொழிலாளர்களின் சத்தியத்துக்காக. இரண்டாம் நாள் 20, முதலாளிகளின் பிடிவாதத்துக்காக. மூன்றாம் நாளிலிருந்து இரண்டுக்கும் நடுவே 27.5, ஆனந்தசங்கர் துருவா என்ற பேராசிரியர் தீர்ப்புச் சொல்லும்வரை. இதைவிட அழகாக இரண்டு தரப்பின் மூக்கையும் உடையாமல் காப்பாற்றிய பேலன்ஸ் ஷீட்டை நான் பார்த்ததில்லை. ஆகஸ்டில் துருவா தீர்ப்புச் சொன்னார். 35.

உண்ணாவிரதம் முதலாளிகளின் கழுத்தில் வைத்த கத்தி ஆகிவிட்டதே என்ற உறுத்தல் காந்திக்குக் கடைசிவரை இருந்தது. சத்தியசோதனையிலேயே அதைக் குறை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, அடுத்த முறை பட்டினிக்கு அவசியமே வராதபடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். 1920ல் மஜூர் மகாஜன் என்கிற தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவி அனசூயா. தொழிலாளி புகார் சொன்னால் சங்கத்தில் எழுதிக்கொள்வார்கள். முதலில் மில்லில் பேச்சு. முடியாவிட்டால் நிரந்தர மத்தியஸ்தக் குழு. அதில் தொழிலாளர் தரப்பில் காந்தி, முதலாளிகள் தரப்பில் மங்கள்தாஸ். அவர்களுக்குள்ளும் ஒத்துவரவில்லையா, நடுவர். எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. 1923ல் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பெரிய ஸ்ட்ரைக் நடந்து, தொழிலாளர்கள் தோற்றார்கள். ஆனாலும் பம்பாய் மில்கள் ஸ்ட்ரைக் மேல் ஸ்ட்ரைக்காகக் கொதித்த காலத்தில் அகமதாபாத் பேசியே பெரும்பாலும் சமாளித்தது.

இரண்டு மார்க் விடை இங்கே முடிகிறது. எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அந்தப் பேச்சில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள்?

1918ல் சண்டை நெசவாளர்களுடையது. நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே இருந்தவர்கள் முஸ்லிம்களும் சாதி இந்துக்களும். தலித்துகள் நூற்புப் பிரிவில், குறைந்த கூலிக்கு. நெசவுப் பக்கம் அவர்களை விட மாட்டார்கள். காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. நாடாவில் தார் தீர்ந்து புதிது மாட்டும்போது நூல் நுனியைத் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் தலித்தும் வாய் வைப்பதா? அவ்வளவுதான். பம்பாயிலும் இதே கதை. 1928ல் அங்கே ஸ்ட்ரைக் நடந்தபோது, கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்காவிட்டால் எங்கள் ஆட்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று அம்பேத்கர் மல்லுக்கு நின்றார்.

அகமதாபாத்தில் மஜூர் மகாஜன் தலித்துகளை ஒதுக்கவில்லை. சொல்லப்போனால், அதன் நம்பகமான உறுப்பினர்கள் நூற்புத் தொழிலாளர்கள்தான். அவர்கள் குடியிருப்பில் பள்ளிக்கூடம் நடத்தியது. ஆனால் சங்கமே பிரிவுவாரியாக அமைந்தது. நூற்பவர்களுக்கு ஒன்று, நெய்பவர்களுக்கு ஒன்று. மில்லுக்குள் தலித்துகளுக்குத் தண்ணீர் தனி, சாப்பிடும் இடம் தனி. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே இருந்த சுவரில் கதவு வைத்தவர்கள், தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருந்த சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நல்லெண்ணம் இல்லாமல் இல்லை. அதைத் தொட்டால் சங்கம் உடையும் என்ற பயம்.

பயம் 1981ல் வாசலுக்கு வந்தது.

அதற்குள் மஜூர் மகாஜனின் பெண்கள் பிரிவிலிருந்து 'சேவா' பிறந்திருந்தது. 1972ல். தலைச்சுமைக்காரர்கள், காய்கறி விற்பவர்கள், பழந்துணி வியாபாரம் செய்பவர்கள் என்று முதலாளியே இல்லாத பெண்களுக்கான சங்கம். நடத்தியவர் இலா பட் என்ற வழக்கறிஞர். அனசூயா காலமானதும் அதே வருஷம்தான். 1981 தொடக்கத்தில் அகமதாபாத் மருத்துவ மாணவர்கள் மேற்படிப்பு இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஊர்வலம் கலவரமானது. தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. மில் தொழிலாளர்கள் வாழ்ந்த தெருக்கள் அவை.

மஜூர் மகாஜன் வாய் திறக்கவில்லை. உறுப்பினர்களில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள், எப்படிப் பேசுவது? இலா பட் பேசினார். தலித்துகள் பக்கம் வெளிப்படையாக நின்றார். சேவாவில் பெரும் பகுதி தலித், முஸ்லிம் பெண்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

1981 மே மாதம் மஜூர் மகாஜன் சேவாவை வெளியேற்றியது. அறுபது வருஷமாக மில் முதலாளிகளோடு உட்கார்ந்து பேசிப் பழகிய சங்கம் அது. அன்றைக்கு யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

எண்பதுகளில் அகமதாபாத் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மஜூர் மகாஜனின் உறுப்பினர்கள் கரைந்துபோனார்கள். வெளியே அனுப்பப்பட்ட சேவா லட்சக்கணக்கான பெண்களின் சங்கமாக வளர்ந்தது. வேலை இழந்த மில் தொழிலாளர்களின் குடும்பங்களில், கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியவர்கள் பெண்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.