கானகம் கண்ட தமிழர்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை ஒட்டியுள்ள ஆரியசாலைக்கு ஆண்டுதோறும் நவராத்திரியில் ஒரு விருந்தினர் வருகிறார். அவர் வேளிமலைக் குமாரசுவாமி. பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் அவருடன் புறப்பட்டு, வழியெங்கும் வரவேற்புப் பெற்று நகரை அடைவர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும், குமாரசுவாமி ஆரியசாலைத் தேவி கோயிலிலும் தங்குவர். விழா முடிந்ததும் தத்தம் இருப்பிடம் திரும்புவர். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அன்று முதல் இத்தெய்வங்கள் இரு மாநிலங்களுக்கும் பொதுவாகிவிட்டன.

சரசுவதி தேவி யானைமீது எழுந்தருள்வது மரபு. ஒருமுறை அந்த ஊர்வலத்தைக் காணத் தெருவோரம் நின்றிருந்தேன். என் அருகில் நின்ற அண்டைவீட்டுச் சிறுமி, “மாமா, இந்த யானைக்கு வீடு எங்கே?” என்று கேட்டாள். “கோயில்தான் அம்மா” என்றேன். “அதற்கு முன்னால்?” என்றாள். என்னால் விடை கூற முடியவில்லை. யானை, காடு, களிறு, பிடி என்று எத்தனையோ சொற்களை அன்றாடம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆயினும், காட்டில் யானை எவ்வாறு வாழ்கிறது என்று ஒரு குழந்தைக்கு எடுத்துரைக்கும் அறிவு என்னிடம் இல்லை. அந்த வெட்கத்தால் தேடத் தொடங்கியபோதுதான் மா. கிருஷ்ணன் என்னும் பெரியார் எனக்கு முழுமையாக அறிமுகமானார்.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிப் புகழ்பெற்ற அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை அவர். உப்பிலாகாவில் பணியாற்றிய மாதவையா, ஓய்வு பெற்றபின் சென்னை மயிலாப்பூரில் குடியமர்ந்து எழுத்துப்பணியில் ஈடுபட்டார். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காக வாதாடிப் பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையிடமிருந்து அவர் பெற்ற செல்வம் மொழிப்பற்றும், யாருக்கும் வளையாத நேர்மையுமே எனலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஃபைசன் என்னும் தாவரவியல் பேராசிரியர் அவருக்கு வாய்த்தார். தென்னாட்டு மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதியவர் அப்பேராசிரியர். அவருடைய துணைவியாரிடம் கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியம் தீட்டக் கற்றார். ஒரு செடியை வரைய விரும்புவோன் அதன் இலை எவ்வாறு காம்பில் பொருந்துகிறது என்று பார்த்தே தீரவேண்டும். கருவியைக் கையில் ஏந்துமுன்பே அவர் கண் இவ்வாறு பழகிவிட்டது. தாவரவியலுக்குப்பின் சட்டமும் பயின்றார். எனினும் வழக்கறிஞர் தொழில் அவரை ஈர்க்கவில்லை.

1942-இல் பெல்லாரிப் பகுதியிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கு ஆசிரியராகவும் நீதிபதியாகவும் மன்னரின் அரசியல் செயலாளராகவும் பல பொறுப்புகளை ஏற்றார். தமிழ்நாட்டுக்கு வெளியே பிழைப்புத் தேடிச் சென்றவர் என்ற வகையில் அவரும் நம்மில் ஒருவரே. அலுவல் நேரம்போக எஞ்சிய பொழுதெல்லாம் சண்டூரின் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் கழிந்தது. ஆடு வளர்த்தார்; புறா வளர்த்தார். வளர்ப்புப் பிராணியின் இயல்பையும் காட்டு விலங்கின் இயல்பையும் ஒருங்கே உற்றுநோக்க அவ்வூர் அவருக்கு இடமளித்தது. 1949-இல் அந்தச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அவர் அரசுப் பணியை நாடாமல் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் நிழற்படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். மாதச் சம்பளத்தில் வாழும் நம் போன்றோர்க்கு அத்துணிவின் அருமை நன்கு விளங்கும்.

1950-இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் இரு வாரத்துக்கு ஒருமுறை இயற்கையைப் பற்றிய கட்டுரைப் பகுதி ஒன்றைத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், அதை அவர் நிறுத்தவில்லை. மயிலாப்பூரில் இருந்துகொண்டு வங்க நாட்டு நாளேட்டுக்கு எழுதிய அவர், வேங்கையையும் யானையையும் மட்டும் பாடவில்லை. கொல்லைப்புறத்து அணில், கூரைமேல் காகம், சுவரில் பல்லி, வேலியில் ஓணான் ஆகிய எளிய உயிர்களுக்கும் அதே மதிப்பை அளித்தார். 1961-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியின் பெயரிலேயே கானகமும் கொல்லைப்புறமும் இணைந்து நிற்கின்றன. காடு தொலைவில் இல்லை, வீட்டு வாயிலிலேயே தொடங்குகிறது என்பது அவர் கொள்கை.

இனி, அவருடைய நிழற்படக் கலையைக் காண்போம். இந்தியாவில் காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் முயற்சி அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியான சாம்பியன் என்னும் ஆங்கிலேயர், இரவில் விலங்கு நடக்கும் தடத்தில் கம்பி கட்டிவைத்தார். விலங்கின் கால் கம்பியில் பட்டதும் ஒளி மின்னி, படம் தானே பதிவாகும். அவ்வாறு எடுத்த வேங்கைப் படங்களை 1927-இல் நூலாக வெளியிட்டார். கிருஷ்ணன் சென்ற வழி வேறு. கால்நடையாகவோ, பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்தோ விலங்கை நாடிச் சென்று, பகலொளியில் கருப்பு வெள்ளைப் படம் எடுப்பதே அவர் முறை. ஒரு நிறுவனத்தின் பெட்டியையும் வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு வில்லையையும் தாமே பொருத்தி ஒரு கருவி அமைத்தார். அதன் பாரத்தைக் கேலிசெய்து ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் இட்டார்.

இத்தொழிலின் இடர்களை வெளியிலிருந்து பார்ப்போர் அறியார். காற்று நம்மிடமிருந்து யானையை நோக்கி வீசினால் அதற்கு நம் வாடை எட்டிவிடும். பின்னர்ப் படமும் இல்லை, சில வேளைகளில் பாதுகாப்பும் இல்லை. அடர்ந்த நிழலில் நிற்கும் யானை, படத்தில் வெறும் கரிய திரளாகிவிடும். வெயில் மிகுந்தாலோ தோலின் சுருக்கங்கள் மறைந்துபோம். தொலைநோக்கு வில்லை பெரிதாகுந்தோறும் கையின் சிறு நடுக்கமும் படத்தைக் குலைக்கும். ஆகவே, விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டி உணர்ந்தவனே படம் எடுக்க இயலும். கிருஷ்ணனின் படங்களில் விலங்கு மட்டும் தனித்து நிற்பதில்லை. அது மேயும் புல்லும், ஒதுங்கும் மரமும், இறங்கும் நீர்த்துறையும் அதனுடன் சேர்ந்தே நிற்கின்றன. காட்டை நீக்கிவிட்டு யானையைக் காட்டுவது பாதி உண்மையே என்பதை அவை சொல்லாமல் சொல்கின்றன.

அத்தகைய படங்களுக்கு உகந்த களங்களுள் ஒன்று, திருவனந்தபுரத்திலிருந்து ஆண்ட மன்னர்களின் நாட்டில் இருந்தது. கிழக்கே மதுரைச் சீமையின் வயல்களுக்குப் பாய்ச்சவென்று பெரியாற்றின் குறுக்கே கட்டிய அணை 1895-இல் நிறைவுற்றது. காட்டுப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கி ஏரியாயிற்று. மூழ்கிய மரங்களின் கட்டைகள் நீர்மேல் நிமிர்ந்து நின்றன. ஏரிக்கரையில் இளம்புல் தழைத்தது; யானைகள் அங்கே மேயவும் குளிக்கவும் நீந்திக் கடக்கவும் தொடங்கின. 1934-இல், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில், அக்காட்டின் ஒரு பகுதி நெல்லிக்காம்பட்டிச் சரணாலயமாயிற்று. 1950-இல் அது விரிந்து பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. உழவுக்காக மாந்தர் கட்டிய ஏரி யானைக்கும் வாழ்விடமாயிற்று. கிருஷ்ணன் படமெடுத்தும் ஆராய்ந்தும் திரிந்த தென்னாட்டுக் காடுகளுள் பெரியாறும் முதுமலையும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

1968-இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் 1959 முதல் 1970 வரை எந்நிலையில் இருந்தன என்று அவர் ஆராய்ந்து எழுதிய நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் வெளியிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-இல். அச்சட்டத்துக்கு முந்திய காலத்துக் காட்டின் நிலைக்கு அவருடைய குறிப்பேடுகளும் படங்களும் சான்றாகின்றன. அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மக்களின் மாறுந்தன்மையுள்ள பண்பாட்டில் மட்டும் இல்லை. அதன் மலை, ஆறு, மரம், விலங்கு ஆகியவற்றில்தான் வேரூன்றியுள்ளது என்று அவர் வற்புறுத்தி வந்தார். அதனாலேயே அயல்நாட்டு மரங்களைக் கொணர்ந்து நடுவதையும் அவர் வெறுத்தார்.

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற அவர் தமிழை மறந்தவர் அல்லர். பழந்தமிழ் இலக்கியத்தில் தோய்ந்தவர். பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் விலங்குகளைப் பற்றி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் பதிப்பில் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக 2002-இல் வெளிவந்தன. மொழிபெயர்ப்போர்க்கு இவ்வெழுத்து ஓர் எச்சரிக்கை. மேற்குமலைத் தொடரின் பெரிய காட்டு மாட்டை ஆங்கில வேட்டைக்காரர் ‘பைசன்’ என்றனர்; நாம் ‘காட்டெருமை’ என்று பெயர்த்தோம். அது பைசனும் அன்று, எருமையும் அன்று. சங்கப் புலவர் அதை ‘ஆமா’ என்றனர். மலைவாழ் மக்கள் ‘காட்டி’ என்கின்றனர். உயிரை நேரில் காணாதவன் பெயரையும் பிழைபடவே எழுதுகிறான்.

இவையெல்லாம் பழங்கதை என்று நேயர்கள் எண்ணலாகாது. 2023 ஏப்ரலில் இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில், அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துவந்த அரிக்கொம்பன் என்னும் களிற்றைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டனர். மே மாதத்தில் அது எல்லை கடந்து கம்பம் நகரின் தெருக்களுக்கே வந்துவிட்டது. ஜூனில் தமிழக வனத்துறையினர் அதைப் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் விட்டனர். நாம் வரைந்த மாநில எல்லையை யானை அறியாது. அதன் முன்னோர் நடந்த தடத்தை மட்டுமே அது அறியும். அத்தடத்தில் தோட்டமும் குடியிருப்பும் எழுந்தபின் குற்றவாளி யார் என்பது எளிதில் தீர்க்கத்தக்க வழக்கன்று. உழைத்துச் சேர்த்த அரிசியை இழந்தவரின் துயரும் உண்மை. வழி இழந்த யானையின் துயரும் உண்மை. இரண்டையும் ஒருங்கே காணும் பொறுமையைத்தான் கிருஷ்ணனின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், பிள்ளைகள் தமிழை மறவாதிருக்க எத்தனையோ முயற்சிகள் செய்கிறோம். குறளும் ஆத்திசூடியும் கற்பிக்கிறோம். அவற்றோடு நாம் வாழும் ஊரின் பறவைக்கும் மரத்துக்கும் உரிய தமிழ்ப் பெயரையும் கற்பித்தல் வேண்டும். பெயரைச் சொல்லும்போதே உயிரையும் காட்டவேண்டும்.

அடுத்த நவராத்திரியில் அதே சிறுமிக்கு விடை கூறினேன். “இந்த யானையின் வீடு கிழக்கே மலையில் இருக்கிறது அம்மா. அங்கே மூத்த பிடி ஒன்று வழிகாட்ட, தாய்மாரும் குட்டிகளும் கூட்டமாய்ப் போகும். வளர்ந்த ஆண்யானை பெரும்பாலும் தனியே திரியும்.” அவள் ஊர்வலத்து யானையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்படியானால் இதன் அம்மா இன்னும் அங்கே இருப்பாளா?” என்று கேட்டாள். இம்முறையும் என்னிடம் விடை இல்லை. ஆனால், கேள்வி சரியான இடத்தை வந்தடைந்துவிட்டது என்று உணர்ந்தேன்.