அடிபட்ட பறவைக்கு ஒரு வாசல்

பியெத்ரோ தெல்லா வல்லே என்ற ரோமாபுரிப் பயணி 1623-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத்தின் கம்பாத் துறைமுகத்துக்கு வந்தார். ஊரைச் சுற்றிப் பார்த்தவர், அங்கிருந்த பறவை மருத்துவமனைக்கும் போனார். சிறிய வீடுதான். பறவைகளுக்குக் கொஞ்சம் இடம் போதுமே என்று அவரே எழுதுகிறார். உள்ளே கோழி, புறா, மயில், வாத்து, சிறு குருவிகள். கால் ஒடிந்தவை, நோயில் விழுந்தவை, இணையை இழந்தவை. காட்டுப் பறவை குணமானால் பறக்க விட்டுவிடுவார்கள். வீட்டுப் பறவையானால், வைத்துக் காப்பாற்றக்கூடிய நல்ல மனிதர் ஒருவரிடம் கொடுப்பார்கள்.

தெல்லா வல்லே அங்கே அதிகம் வியந்தது பறவைகளைப் பார்த்தல்ல. தாயில்லாத எலிக்குஞ்சுகள் சில பஞ்சு விரித்த பெட்டிக்குள் கிடந்தன. வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து, ஒரு பறவை இறகால் அவற்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். வேறெதையும் தின்னத் தெரியாத பருவம். வளர்ந்ததும் விட்டுவிடப்போவதாகச் சொன்னாராம்.

பசுக்களுக்கும் கன்றுகளுக்கும் இன்னொரு மருத்துவமனை இருந்தது. அங்கே விலங்குகளுக்கு நடுவே ஒரு மனிதனும் இருந்தான். திருட்டுக்காக இரண்டு கைகளும் வெட்டப்பட்ட ஒரு முஸ்லிம். இனிப் பிழைக்க வழியில்லை என்று ஊர் வணிகர்கள் அவனையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

நான் அகமதாபாத்தின் மணிநகரில் வளர்ந்தவள். அப்பா துணி மில் வேலைக்காக இங்கே வந்தார். மணிநகர், கோக்ரா பக்கம் அப்படி வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அடிபட்ட பறவையை எடுத்தால் எங்கே போக வேண்டும் என்று இந்த ஊரில் பால்காரருக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கு வந்தால், சிறகு ஒடிந்த மீன்கொத்தியைச் சுற்றிப் பத்துப் பேர் பரிதாபப்பட்டு நிற்பார்கள். எங்கே கொண்டுபோவது என்று ஒருவருக்கும் தெரியாது. இரக்கத்தில் எந்த ஊரும் எந்த ஊருக்கும் குறைந்ததில்லை. குஜராத்தில் அந்த இரக்கத்துக்குப் போய்ச் சேர ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் எப்படி நானூறு ஆண்டுகளுக்கு மேல் திறந்தே இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தெல்லா வல்லேக்கு முன்பே, 1580-களில் இந்தியா வந்த லண்டன் வணிகர் ரால்ஃப் ஃபிட்ச்சும் கம்பாத் பகுதியில் நொண்டி நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் மருத்துவமனை உண்டு என்று எழுதியிருக்கிறார். ஆக 1623-இல் அது பழைய ஏற்பாடு. பின்னாளில் வளைகுடா தூர்ந்து கம்பாத்தின் வணிகம் சூரத்துக்கு நகர்ந்தது. ஆனாலும் பழக்கம் அழியவில்லை. வணிகர் இருந்த ஊர்களிலெல்லாம் பாஞ்சராபோள் என்ற பெயரில் வேர்விட்டது. சில பாஞ்சராபோள்களில் தானியத்தோடு வந்த வண்டுக்கும் புழுவுக்கும்கூடத் தனி அறை உண்டு, ஜீவாத்கானா என்பார்கள். அதைக் கேட்டு வெள்ளைக்காரப் பயணிகள் பலர் சிரித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். ஜைனர்களும் வைஷ்ணவ வணிகர்களும் தங்கள் மகாஜன் சங்கங்கள் வழியாக ‘லாகா’ என்று ஒன்றை வைத்திருந்தார்கள். சரக்கு கைமாறும்போது விலையோடு ஒரு சிறு தொகையும் சேர்ந்து பாஞ்சராபோளுக்குப் போய்விடும். யாரும் உண்டியல் குலுக்க வேண்டியதில்லை. ஒரு தனவான் மனசு மாறினாலோ, கண்ணை மூடினாலோ கூண்டுக்குள் தானியம் வருவது நிற்காது. 1832-இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் உத்தரவை எதிர்த்துப் பார்சிகள் கலகம் செய்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1834-இல் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமீசந்த் ஷாவும் பம்பாய் பாஞ்சராபோளைத் தொடங்கினார்கள். அதுவும் சரக்கின் மேல் வைத்த தொகையில்தான் நிலைத்தது. தர்மத்தைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதி வைத்த புத்தி அது. நான் அதை மனதாரக் கும்பிடுகிறேன்.

அகமதாபாத்தில் போள் எனப்படும் பழைய குடியிருப்புச் சந்துகளுக்குள் நடந்தால் முச்சந்தியில் மரச் சிற்பத்தோடு உயர்ந்த கூண்டுமாடம் ஒன்று நிற்கும். சபூத்ரோ. பூனைக்கு எட்டாத உயரத்தில் பறவைக்குத் தானியம் வைக்கும் இடம். இரை போட்டுப் பழகிய தெருவுக்குப் பறவைகளின் முகம் தெரியும். வழக்கமாக வரும் புறா ஒன்று சிறகைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் உடனே கண்ணில் படும். கண்ணில் பட்ட பிறகு போக ஓர் இடமும் இருந்தது.

இந்த வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. டில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் வளாகத்தில் திகம்பர ஜைனர்கள் நடத்தும் தர்மப் பறவை மருத்துவமனை புகழ்பெற்றது. காசு வாங்குவதில்லை. குணமான பறவையை, கொண்டுவந்தவர் கேட்டாலும் திருப்பித் தருவதில்லை, பறக்க விட்டுவிடுவார்கள். ஆனால் இறைச்சி தின்னும் பறவையை மற்றவற்றோடு தங்கவைத்து வைத்தியம் பார்ப்பதில்லை. அடிபட்ட பருந்து ஒன்றை அங்கே சேர்க்க முடியாமல் திரும்பிய நதீம், சவூத் என்ற சகோதரர்கள் தாங்களே வைத்தியம் கற்று, வஜீராபாத்தில் தங்கள் வீட்டிலேயே பருந்துகளுக்கு மருத்துவமனை வைத்தார்கள். ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ என்ற 2022-ஆம் ஆண்டின் ஆவணப்படம் அவர்களைப் பற்றியதுதான். ஜைனர்களின் விரதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் குப்பைமேட்டின் அழுகலைத் தின்று ஊரைச் சுத்தமாக்கும் பருந்துக்கும் ஒரு வாசல் வேண்டும். அதைத் திறந்த அந்த முஸ்லிம் சகோதரர்களை, பஞ்சுப் பெட்டிக் கிழவரின் வாரிசுகள் என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு கருணை உள்ள குஜராத்தில்தான் ஆண்டுக்கு ஒருமுறை வானமே கத்தியாகிறது. ஜனவரி 14 எங்கள் வீட்டில் பொங்கல், ஊருக்கு உத்தராயண். மொட்டைமாடியெங்கும் பட்டம், அடுத்தவர் பட்டத்தை அறுத்ததும் “காய்போ சே!” என்ற கூச்சல். அதற்கு முன்பே சாலையோரக் கம்பங்களில் நூலை இழுத்துக் கட்டி, பசையும் சாயமும் கண்ணாடித் தூளும் கலந்து கையால் தேய்த்துக்கொண்டு போவார்கள். தேய்ப்பவர்களின் விரல்களில் துணி சுற்றியிருக்கும். அதையும் மீறி வெட்டுக்காயம் இருக்கும். மனிதத் தோலுக்கே அந்தக் கதி. பின்னால் வந்த நைலான் நூல் அறுவதுமில்லை, மக்குவதுமில்லை. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் மரங்களில் அது தொங்குவதைப் பார்க்கிறேன்.

பறவைகள் இரை தேடிக் கிளம்புவதும் அடைய வருவதும் காலையும் மாலையும். அந்த நேரத்திலும் பட்டம் பறக்கிறது. புறா, பருந்து, கொக்கு, அரிவாள்மூக்கன் எல்லாம் சிக்கும். டைக்ளோஃபினாக் மருந்தால் மடிந்தவை போக எஞ்சிய சில வெண்முதுகுக் கழுகுகளும் சிக்கியிருக்கின்றன. மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தை 2006-இல் தடை செய்து நாம் காப்பாற்றப் பார்த்த பறவையை ஒரு நூல் கொல்கிறது.

ஓர் உத்தராயண் மாலையில் சிகிச்சைக் கூடாரம் ஒன்றில் உதவிக்கு நின்றேன். மேசையில் ஒரு கருப்பு அரிவாள்மூக்கன். ஊரில் காளி காங்கணசார் என்பார்கள். கண்ணை மூடித் துணி போட்டிருந்ததால் அடங்கிக் கிடந்தது. நீண்ட அலகை ஒரு கல்லூரிப் பையன் இரண்டு விரலால் பிடித்திருந்தான். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, சிறகை விரிக்க உதவும் மெல்லிய தோல்மடிப்பைக் கிழித்துக்கொண்டு இளஞ்சிவப்பு நூல் தசைக்குள் போயிருந்தது. டாக்டர் அம்மா நூலை இழுக்கவே இல்லை. சுற்றியுள்ள இறகுகளை ஈரப் பஞ்சால் ஒதுக்கி, நூலின் இரு பக்கமும் கத்தரித்து, உப்புநீரால் கழுவி, பிறகுதான் உள்ளே கிடந்த துண்டை மெதுவாக எடுத்தார். “வழியில யாரோ இழுத்துப் பார்த்திருக்காங்க அக்கா, அதான் இவ்வளவு ஆழம்” என்றார் குஜராத்தியில்.

குஜராத் அரசு 2017 முதல் ஆண்டுதோறும் உத்தராயணை ஒட்டி ‘கருணா அபியான்’ நடத்துகிறது. வனத்துறை, கால்நடைத்துறை, ஜீவதயா சேரிட்டபிள் டிரஸ்ட் போன்ற அமைப்புகள், தன்னார்வலர்கள் என்று எல்லாரும் கைகோக்கிறார்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் விலங்கு ஆம்புலன்ஸ் வருகிறது. அந்தக் காலத்து மகாஜன் செய்த வேலையை இன்று அரசாங்கம் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். கண்ணாடித் தூள் தேய்த்த அந்த மாஞ்சா நூலை அடியோடு நிறுத்தாமல் கூடாரம் போடுவதில் வருத்தமும் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் பழம்பெருமை இருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உரிமை வாங்கியவர்கள். சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் ப்ளூ கிராஸைத் தொடங்கினார். ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு பேட்டையிலும் போய்ச் சேர ஒரு வாசல் வேண்டும்.

அதுவரை இதையாவது செய்யுங்கள். அடிபட்ட பறவை கிடைத்தால் மேலே ஒரு துணியைப் போட்டு, சிறகை உடம்போடு அணைத்து எடுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டும் அமைதியும் கொடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சிக்கிய நூலை இழுக்காதீர்கள். பாசத்தில் வீட்டிலேயே வளர்க்கவும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், பறவைக்கும் நல்லதல்ல. உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும், பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணையும் இன்றைக்கே விசாரித்து, தெருவில் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.